ஏற்காட்டு அடிவாரத்தில் ஓர் ஆலை

சேலத்திலிருந்து மேற்கே தாரமங்கலம் தாண்டிப் போனால் ஜலகண்டாபுரம். ஊருக்குள் நுழையும் முன்பே தறிச் சத்தம் காதில் விழும். இன்று பெரும்பாலும் விசைத்தறி. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி. விடியுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழையைப் பிணைத்து, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவார்கள். குழியில் கால் வைத்து உட்கார்ந்து நாடா தள்ளுகிறவருக்குத் தறி சொந்தமாக இருக்கலாம். நூல் பெரும்பாலும் வேறொருவருடையது. நூல் கொடுத்தவர் முன்பணமும் கொடுத்திருப்பார். துணி வந்ததும் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். எந்தக் கரை விற்கும், எந்த நிறம் தேங்கும், அடுத்த பண்டிகைக்கு எத்தனை உருப்படி வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.

சேலம், திருச்செங்கோடு, இடைப்பாடி, ராசிபுரம் என்று இந்தச் சமவெளி முழுவதும் பல தலைமுறைகளாகப் பணம் புரண்ட விதம் இது. ஆளையும் கருவியையும் பொருளையும் ஒன்று சேர்த்து, சரக்கு விற்கும் நாள்வரை பொறுத்திருந்து, நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ளும் ஒரு வகுப்பு இங்கே வளர்ந்தது. புதிதாக ஒரு தொழில்நுட்பம் வந்தபோது, அதில் பணம் போடத் துணிந்த ஆள் இந்த வகுப்பிலிருந்து வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தத் தொழில்நுட்பம், பேசும் படம். அந்த ஆள், டி. ஆர். எஸ். என்று மூன்றெழுத்தில் அறியப்பட்ட திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம்.

இன்று தொழில்நுட்பத் தொழில்முனைவோர் என்றால் மென்பொருள் கம்பெனி தொடங்கியவரை நினைக்கிறோம். முதலீட்டாளர் என்றால் பத்து கம்பெனிகளில் பணத்தைப் பிரித்துப் போட்டு, இரண்டு வென்றால் போதும் என்று காத்திருப்பவரை. இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தவர் 1930களிலேயே சேலத்தில் இருந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது படங்களின் பட்டியலைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். எம்.ஜி.ஆர். நடித்தார், கலைஞர் எழுதினார், கண்ணதாசன் இருந்தார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அவர்களையெல்லாம் ஒரே வாசலுக்குள் வரவழைத்து மாதா மாதம் சம்பளம் கொடுத்த நிர்வாகத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. சுந்தரத்தின் சாதனை அந்த நிர்வாகம்தான். அவர் சினிமாவை ஓர் ஆலையாக நடத்தினார். பெரிய நகரம் எதிலும் இல்லாமல் ஒரு மாவட்டத் தலைநகரில் அது கால் நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கும், பல காரியங்களில் முதலாக நின்றதற்கும் அதுவே காரணம்.

சுந்தரம் 1907-ல் பிறந்தவர். குடும்பம் நெசவும் ஜவுளி வியாபாரமுமாகச் செழித்த செங்குந்தர் குடும்பம். படிப்பு முடிந்ததும் நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனார். லீட்ஸ் சாதாரண இடம் இல்லை. யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளின் நடு நெஞ்சு. அங்கே 1874-ல் தொடங்கிய யார்க்‌ஷயர் கல்லூரியில் ஆரம்ப காலத்திலேயே நெசவுத் துறை வந்துவிட்டது. பிற்காலத்தில் அந்தக் கல்லூரியே லீட்ஸ் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. திருச்செங்கோட்டில் தறியைப் பார்த்து வளர்ந்த பையன், அங்கே நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பார். வீட்டுக்கு வீடு சிதறிக் கிடக்கும் வேலையை ஒரு வளாகத்துக்குள் கொண்டுவந்து, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிப்பதுதான் ஆலை. ஊர் திரும்பியபின் அவர் செய்ததைப் பார்த்தால், அந்தப் படிப்பில் அவர் மனத்தில் தங்கியது இந்தப் பாடம்தான் என்று தோன்றுகிறது.

1933-ல் திரும்பி வந்தார். ஜவுளியில் இறங்கியிருந்தால் குடும்பத் தொழில் கையில் தயாராக இருந்தது. அவர் கவனம் வேறு பக்கம் போனது.

அப்போது தமிழ்ப் பேசும் படத்துக்கு வயது இரண்டு. 1931 அக்டோபரில் வெளியான ‘காளிதாஸ்’ பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், பாடகர், சமையல்காரர் என்று ஒரு கூட்டத்தையே ரயிலேற்றி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டிப் போக வேண்டும். ஒலிப்பதிவுக் கருவிகள் அங்கேதான் இருந்தன. தமிழ் தெரியாத டைரக்டர், தமிழ் தெரியாத ஒலிப்பதிவாளர், வாடகை ஸ்டுடியோ, நாள் கணக்கில் ஏறும் செலவு. சென்னையில் முதல் ஒலிப்பட ஸ்டுடியோவான சீனிவாசா சினிடோனை ஏ. நாராயணன் 1934-ல்தான் நிறுவினார்.

அந்த வருடங்களில் சேலத்தில் ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியை வேலாயுதம் பிள்ளை நடத்திவந்தார். சுந்தரம் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘துருவா’, ‘நல்லதங்காள்’ போன்ற படங்கள் வந்தன. சுந்தரத்துக்கு இது பயிற்சிக் காலம். படம் எங்கே பணம் தின்கிறது, எங்கே திருப்பித் தருகிறது என்று இந்த இரண்டு வருடங்களில் அவர் பார்த்துக்கொண்டார். வாடகை ஸ்டுடியோவை நம்புகிறவன் வாரம் வாரம் பிறருக்குக் கூலி கொடுக்கிறான். கருவியும் கொட்டகையும் சொந்தமாக இருந்தால் முதல் படத்தில் விட்டதைப் பத்தாவது படத்தில் எடுத்துவிடலாம். தறி முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. இடம், ஏற்காடு மலையடிவாரம், ஏற்காடு சாலையோரம். வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளங்கள், ஒலிப்பதிவு, எடிட்டிங், ஃபிலிம் கழுவும் லேபரட்டரி, செட் போடும் தச்சுப் பட்டறை, நடிகர்கள் தங்கும் இடம் என்று எல்லாம் இருந்தன. கதையாக உள்ளே போவது, பெட்டிக்குள் சுருட்டிய படமாக வெளியே வரும். முதல் நோக்கில் துணிச்சலான முடிவாகத் தெரிந்தாலும், இடத் தேர்வில் கணக்கு இருந்தது. சென்னையைவிட நிலம் மலிவு. காடு, மலை, ஓடை எல்லாம் பத்து மைல் தூரத்துக்குள். ஜவுளியில் சேர்ந்த மூலதனம் உள்ளூரிலேயே இருந்தது. கோயம்புத்தூரிலும் இதே காலத்தில் ஜவுளிப் பணத்தின் பலத்தில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ் எழுந்தது. அந்த ஊருக்கு அதற்கு முன்பே சாமிக்கண்ணு வின்சென்ட் பாதை போட்டிருந்தார். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டி, 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கொங்கு நாட்டுக்குச் சினிமா ஒரு தொழிலாகவே அறிமுகமானது.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் ‘சதி அகல்யா’, 1937. கதாநாயகி தவமணி தேவி இலங்கைக்காரர். குளியல் உடையில் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் அப்போதே பத்திரிகைகளில் வந்து பரபரப்பாயின. அகலிகை கதையை எடுத்துக்கொண்டே விளம்பரத்தை அந்த அளவுக்குக் கொண்டுபோனது புது முதலாளியின் துடிப்பைக் காட்டுகிறது.

அடுத்த வருடமே அவர் மொழி எல்லையைத் தாண்டினார்.

மலையாளத்தில் அதுவரை இரண்டே படங்கள், இரண்டும் ஊமைப்படம். ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ அவரைக் கடனாளியாக்கியது. 1933-ல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’, நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கித் திரையை விட்டே போனது. இரண்டு பேருக்கும் கையைச் சுட்ட மொழியில் பேசும் படம் எடுக்க முன்வந்தவர் சேலத்துக்காரர். ‘பாலன்’ 1938 ஜனவரி 19 அன்று வெளியானது. டைரக்டர் எஸ். நொட்டானி. கேமரா பிடித்தவர் ஜெர்மானியர். வசனம் எழுதியவர் முதுகுளம் ராகவன் பிள்ளை. கதாநாயகன் கே. கே. அரூர், கதாநாயகி எம். கே. கமலம். தாயில்லாப் பிள்ளைகள் இருவர் மாற்றாந்தாயிடம் படும் பாடுதான் கதை. ஒரு மொழியின் முதல் பேசும் படத்தை அந்த மொழி பேசாத ஊரில், அந்த மொழி பேசாத டைரக்டரைக் கொண்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா ஸ்டுடியோ வருவதற்கு இன்னும் பத்து வருடம் போல இருந்தது.

இதில் முதலீட்டாளர் மூளையைப் பார்க்கலாம். கட்டிய தளம் சும்மா கிடந்தால் வட்டி தின்னும். தமிழில் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வேறு மொழிப் படம் ஓடினால் தளமும் ஆளும் வீணாவதில்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று பிற்காலத்தில் அந்த வாசலைத் தாண்டிய மொழிகள் ஏழு.

1940-ல் வந்த ‘உத்தமபுத்திர’னைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சுந்தரமே டைரக்ட் செய்தார். பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழ்த் திரையில் ஒரே ஆள் இரண்டு பேராக வந்தது அதுவே முதல் தடவை. அலெக்ஸாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் இந்த வித்தையைக் கேமராவுக்குள்ளேயே செய்ய வேண்டும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து, நடிகரை ஒரு பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைச் சரியாக ஆரம்பித்த இடம்வரை பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மறுபாதிக்கு மாற்றி, அதே நடிகரை வேறு உடையில் வேறு பக்கம் நிறுத்தி மறுபடி எடுப்பார்கள். இடையில் கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் கோடு தெரியும். விளக்கு வெளிச்சம் மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். நடிகர், எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, தான் பேசப்போகும் பதிலுக்கு நேரம் விட்டுப் பேச வேண்டும். தப்பாகிவிட்டால் இரண்டு பாதியும் குப்பைக்குப் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். லேபரட்டரி பக்கத்துக் கட்டிடத்திலேயே இருந்தால்தான், எடுத்ததைக் கழுவிப் பார்த்துவிட்டு மறுநாள் திருத்த முடியும். ஸ்டுடியோவை முழு ஆலையாகக் கட்டியதன் பலன் இப்படி ஒரு படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கச்சா ஃபிலிம் கிடைப்பது கஷ்டமானது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசாங்கம் வரம்பு போட்டது. அதுவரை 18,000, 20,000 அடி என்று பாட்டும் கூத்துமாக நீண்ட தமிழ்ப் படத்துக்கு அது பெரிய வெட்டு. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கவும் தயாரிப்பாளர்களுக்கு நெருக்குதல் வந்தது. 1945-ல் ‘பர்மா ராணி’ இப்படி வந்தது. சுந்தரம் அதை டைரக்ட் செய்ததோடு ஜப்பானியத் தளபதியாகவும் நடித்தார். அடுத்த வருடம் ‘சுலோசனா’வில் இந்திரஜித் ஆனார். நடிப்பில் அவர் பெயர் வாங்கியதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் போர்க் காலத்தில் பல கம்பெனிகள் கதவைச் சாத்தியபோது சேலத்தில் வேலை நிற்கவில்லை. 1942-ல் வந்த ‘மனோன்மணி’, பெ. சுந்தரம் பிள்ளையின் நாடகத்தைப் பெரும் பொருட்செலவில் திரைக்குக் கொண்டுவந்தது. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள்.

ஸ்டுடியோவின் ஒழுங்கு பற்றி சேலத்துக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். முதலாளி சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் வந்துவிடுவார், தாமதமாக வந்தவர் பெரிய நடிகரானாலும் வாசலிலேயே நிற்க வேண்டும், சம்பள நாள் தவறியதே இல்லை என்பார்கள். இவற்றில் எது நடந்தது, எது பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். சம்பளம் தவறவில்லை என்ற பேச்சை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. பட முதலாளி ஓடிப்போனான், நடிகருக்குப் பாக்கி, லைட்பாய்க்குப் பட்டினி என்பதே வழக்கமாக இருந்த தொழில் அது. நடிகர், எழுத்தாளர், இசைக்காரர், தச்சர் என்று எல்லோரையும் மாதச் சம்பளத்தில் வைத்து, வருடத்துக்குப் பல படம் என்று திட்டம் போட்டு நடத்திய இடத்தில்தான் தொழிலாளி அடுத்த மாதத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடிந்தது. ஹாலிவுட்டில் பெரிய ஸ்டுடியோக்கள் செய்ததும் இதுதான். சேலத்தில் இதை நடத்திக் காட்ட லீட்ஸ் ஆலையின் பழக்கம் கைகொடுத்தது.

சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற எழுத்தாளர்களைப் பார்த்தால், அந்த வளாகம் அப்போதைய தமிழ் இலக்கிய, அரசியல் சூழலோடு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பது தெரியும். 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. நெசவாளர் ஊர்களில் அந்த இயக்கத்துக்கும் நாடகத்துக்கும் நெருக்கமான உறவு. ஊர்ப் பெயரோடே அறியப்பட்ட ஜலகண்டாபுரம் ப. கண்ணன் அந்த வழியில் வந்த நாடக ஆசிரியர். பகலில் தறி, இரவில் நாடக ஒத்திகை என்று வாழ்ந்த ஊர்கள் அவை. அந்த நாடக மேடையின் அடுக்கு வசனத்துக்கு மக்கள் காது பழகியிருந்ததை ஸ்டுடியோ கவனித்தது. மு. கருணாநிதி சேலத்துக்கு வந்து எழுதினார். கண்ணதாசன் கதை இலாகாவில் இருந்தார். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ 1950-ல் ‘பொன்முடி’யானது. அதே வருடம் ‘மந்திரி குமாரி’. குண்டலகேசிக் கதையிலிருந்து கருணாநிதி எழுதிய நாடகம்தான் படமானது. எம்.ஜி.ஆர். தளபதி, எஸ். ஏ. நடராஜன் ராஜகுருவின் மகன். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ட் செய்யத் தொடங்கி, பிறகு சுந்தரம் முடித்தார். எம்.ஜி.ஆரையும் கருணாநிதியையும் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்த படங்களில் இது முக்கியமானது. பின்னாளில் இருவரும் முதலமைச்சர்கள்.

அதே 1950-ல் ‘திகம்பர சாமியார்’ வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல். எம். என். நம்பியார் அதில் பதினொரு வேடம் போட்டார், அதுவும் கதாநாயகனாக! ஒரே வருடத்தில் பாரதிதாசன் காவியம், கருணாநிதி வசனம், துப்பறியும் கதை என்று மூன்று வகைச் சரக்கு. ஒன்று விழுந்தாலும் மற்றது தூக்கிவிடும்.

டங்கன் பாலமாக இருந்ததால் இன்னொரு விசித்திரமான முயற்சியும் நடந்தது. 1952-ல் வெளியான ‘தி ஜங்கிள்’. ஹாலிவுட்டின் லிப்பர்ட் பிக்சர்ஸும் மாடர்ன் தியேட்டர்ஸும் கூட்டாகத் தயாரித்தன. டைரக்டர் வில்லியம் பெர்க். நடிகர்கள் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர். காட்டில் யானைகள் வெறிபிடித்து ஓடுவதற்குக் காரணம் தேடிப் போகிறவர்கள், அழிந்துபோன மாமத் என்ற ரோம யானைகள் இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டுபிடிப்பதாகக் கதை. நம் யானைகளுக்கு நீள முடியால் ஆன போர்வை மாட்டி ரோம யானை ஆக்கினார்கள். படம் கலையில் உயர்ந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு, ஹாலிவுட் நடிகர்களை வரவழைத்து, படத்தை முடித்து அமெரிக்கத் திரைக்கு அனுப்பும் வல்லமை 1950களின் தொடக்கத்தில் சேலம் கம்பெனிக்கு இருந்தது என்பதே முக்கியம்.

அடுத்தது கலர்.

1954-ல் ஹோமி வாடியா இந்தியில் ‘அலிபாபா’ கதையை எடுத்திருந்தார். ஓடிய கதையைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டார் சுந்தரம். புதிய தொழில்நுட்பத்தில் பணம் போடும்போது கதையில் சோதனை வேண்டாம் என்ற நிதானம் அதில் தெரிகிறது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஜோடி. படம் முழுவதும் கேவா கலர். அதற்கு முன் தமிழில் சில படங்களில் ஒரு பாட்டோ ஒரு காட்சியோ மட்டும் கலரில் வந்ததுண்டு. முழுப் படமும் கலரில் வந்தது 1956 பொங்கலுக்கு வெளியான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’தான்.

ஹாலிவுட்டின் டெக்னிகலருக்கு மூன்று ஃபிலிம் சுருள் ஒரே நேரத்தில் ஓடும் தனிக் கேமரா வேண்டும். இங்கே யாராலும் கட்டுப்படியாகாது. பெல்ஜியத்தின் கேவர்ட் கம்பெனி தயாரித்த கேவா கலர் ஒற்றைச் சுருள். இருக்கும் கேமராவிலேயே போடலாம். மூலதனம் மிச்சம். ஆனால் அந்த ஃபிலிம் மந்தமானது. கறுப்பு வெள்ளைக்குப் போடும் விளக்கு அதற்குப் போதாது. செட் முழுவதும் விளக்கைக் குவிக்க வேண்டும். அந்த வெக்கையில் பட்டும் ஜரிகையும் நகையும் தாடியும் மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். எடுத்த ஃபிலிமைக் கழுவ உள்ளூர் லேபரட்டரி உதவாது. பம்பாய்க்கு அனுப்பித் திரும்பி வரும்வரை எடுத்தது சரியா என்றே தெரியாது. பதினாறு வருடத்துக்கு முன் ‘உத்தமபுத்திர’னை எடுக்கையில் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த வசதி இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. பெரிய நடிகரின் தேதி கிடைக்காமல் கடைசிக் காட்சிகளை மாற்று ஆளை வைத்து முடித்து, குறித்த நாளில் படத்தை வெளியிட்டார் என்று ஒரு கதை திரைத்துறையில் இன்றும் சொல்லப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, பொங்கலுக்குப் படம் வந்தது, வசூலும் குவிந்தது.

மலையாளத்துக்கும் கலரை அவரே கொண்டுபோனார். 1961-ல் ‘கண்டம் பெச்ச கோட்டு’. முதல் மலையாளக் கலர்ப் படம். ஹஜ் யாத்திரைக்காகப் பணம் சேர்க்கும் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவரின் கதை. ஒட்டுப் போட்ட கோட்டுக்குள் அவர் சேர்த்து வைத்த காசு ஓர் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போகிறது. ராஜா ராணி, வாள் சண்டை, நாற்பது திருடர் என்று தமிழில் கலரைக் காட்டியவர், மலையாளத்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் கந்தல் கோட்டைக் கலரில் காட்டினார். கேரளத்து ரசனை எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது என்பதைச் சேலத்திலிருந்தே கணித்த இந்தத் தேர்வு, அவர் எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது.

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் இருந்த சுந்தரம் 1963 ஆகஸ்ட் 30 அன்று காலமானார். வயது 56. அதே வருடம் வந்த ‘கொஞ்சும் குமரி’யில் மனோரமா முதல் தடவையாகக் கதாநாயகியானார்.

மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கரை வைத்து ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று துப்பறியும் படங்கள் வரிசையாக வந்தன. வேதாவின் இசை, வேகமான கதை, குறைந்த நாளில் முடியும் படப்பிடிப்பு. ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆனார். ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது. நடிகர்கள் மாதச் சம்பளத்தை விட்டுப் படத்துக்கு இவ்வளவு என்று பேசத் தொடங்கினார்கள். பெரிய நட்சத்திரங்கள் சென்னையில் ஒரே நாளில் இரண்டு, மூன்று படங்களில் நடித்தார்கள். அவர்கள் சேலத்துக்கு வந்து வாரக் கணக்கில் தங்குவது நடக்காத காரியம். கலர் லேபரட்டரி, டப்பிங், விநியோகம் எல்லாம் கோடம்பாக்கத்தைச் சுற்றிக் குவிந்தன. 1977-ல் ‘16 வயதினிலே’ கிராமத்துத் தெருவிலேயே எடுக்கப்பட்டு வென்ற பிறகு, செட் போட்டு எடுக்கும் தேவையே குறைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1980களின் தொடக்கத்தில் நின்றது. சென்னையிலும் ஜெமினியும் வாகினியும் பின்னால் கட்டிடமாகவும் ஹோட்டலாகவும் மாறின. ஆகவே சேலம் தோற்றது என்று சொல்வது நியாயமில்லை. ஸ்டுடியோ என்ற ஏற்பாடே தன் காலத்தை முடித்துக்கொண்டது.

முதலீடு இந்தச் சமவெளியை விட்டுப் போய்விடவும் இல்லை. சுந்தரம் பிறந்த திருச்செங்கோட்டில் பின்னாளில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில் வளர்ந்தது. அந்த வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று நாடெங்கும் போகின்றன. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. ஜலகண்டாபுரத்துக் குழித்தறிகள் விசைத்தறியாயின. சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் பங்கு சேர்ந்து ஒரு எந்திரத்தில் பணம் போடுவது, அது ஓயாமல் ஓடும்படி தூர தேசத்து வேலைகளைப் பிடிப்பது, லாபத்தில் இரண்டாவது எந்திரம் வாங்குவது என்ற முறை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஏற்காடு சாலையில் ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. வளைவைக் காப்பாற்ற வேண்டும் என்று சேலத்தில் குரல் எழுந்தது நல்ல விஷயம். அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. ‘பாலன்’ படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. சேலத்தில் எடுத்த ஒரு மொழியின் முதல் பேசும் படம், சில புகைப்படங்களாகவும் பாட்டுப் புத்தகமாகவும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்த தச்சர், எலக்ட்ரீஷியன், தையல்காரர், கணக்குப்பிள்ளை ஆகியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேலத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, ஒப்பந்தக் கடிதம், செட்டில் எடுத்த போட்டோ, காலணாப் பாட்டுப் புத்தகம் என்று பரணில் கிடப்பதைக் கறையான் தின்னுமுன் எடுக்க வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சுக் காகிதங்களை நுண்படமாகவும் மின்வடிவிலும் பாதுகாக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்துவருகிறது. சேலத்துக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வருட வேலையாக இதைக் கொடுக்கலாம். வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, காகிதங்களைப் படமெடுத்து அந்த நூலகத்தில் சேர்த்தால், ஆலை எப்படி ஓடியது என்ற கணக்கு ஆவணத்தோடு கிடைக்கும்.